நான்கு வயர், ஒரு ரெசிஸ்டர்: வீட்டு அலாரம் பேனலில் மோஷன் சென்சார் இணைக்கும் முறை

பி.ஐ.ஆர். (உடம்பின் வெப்பக் கதிரை வைத்து அசைவை அறியும்) மோஷன் சென்சாரின் முன்மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. மூடியின் உட்பக்கம் பால் நிறத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் லென்ஸ். அடியில் ஒரு சின்ன போர்டு. அதன் நடுவே விரல் நகத்தை விடச் சிறிய உலோக உருளை, அதன் தலையில் கறுத்த ஜன்னல். போர்டின் ஓரத்தில் ஆறேழு ஸ்க்ரூ கொண்ட டெர்மினல் வரிசை. சென்சார் பக்கத்து வயரிங் முழுவதும் அந்த ஆறேழு ஸ்க்ரூவில் முடிந்துவிடும்.

வீட்டு எலக்ட்ரிக்கல் வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இங்கே குழம்புவது உண்டு. விளக்குக்கு வயர் இழுக்கும்போது, சுவிட்சைப் போட்டால் கரண்ட் ஓடும், விளக்கு எரியும். அலாரத்தில் இது தலைகீழ். வீடு அமைதியாக இருக்கும்போதுதான் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றால்தான் அலாரம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், எந்த வயர் எங்கே போக வேண்டும் என்பதைப் படம் பார்க்காமலே நீங்களே சொல்லிவிடலாம். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம்.

அந்தச் சுற்று எப்படி வேலை செய்கிறது

சென்சாருக்குள் ஒரு குட்டி ரிலே இருக்கிறது. 12 வோல்ட் வந்துகொண்டிருந்து, எதிரே அசைவும் இல்லையென்றால் ரிலேயின் இரண்டு முனைகளும் ஒட்டியிருக்கும். இதைத்தான் என்.சி. என்கிறார்கள், 'நார்மலி க்ளோஸ்டு'. அசைவைக் கண்டதும் இரண்டு மூன்று விநாடி விலகி, மறுபடி ஒட்டிக்கொள்ளும். அலாரத்தின் மூளையான பேனல் அந்த இரண்டு முனைகள் வழியாக எந்நேரமும் ஒரு சிறு கரண்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ராத்திரி ரோந்து வரும் கூர்க்கா தெருமுனையில் மணிக்கொரு தரம் விசில் அடிப்பார் அல்லவா? விசில் கேட்கும்வரை நிம்மதி. கேட்காவிட்டால்தான் எழுந்து பார்க்க வேண்டும். என்.சி. சுற்றும் அப்படித்தான். வயர் அறுந்தாலும் சரி, சென்சாருக்குப் பவர் போனாலும் சரி, யாராவது சென்சாரையே பிடுங்கினாலும் சரி, விசில் நின்றுபோகும், பேனலுக்குத் தெரிந்துவிடும்.

ஆரம்ப காலத்தில் இப்படி இல்லை. 1853இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் காப்புரிமை பெற்ற மின்சாரத் திருட்டு அலாரத்தில், கதவோ ஜன்னலோ திறந்தால் சுற்று மூடி மணி அடிக்கும். மணி அடிக்க வேண்டிய வயரை முன்கூட்டியே அறுத்துவிட்டால் அந்த மாதிரிச் சுற்று சத்தமில்லாமல் செத்துவிடும். என்.ஓ. ('நார்மலி ஓப்பன்') முறை என்று இன்று சொல்வதன் பலவீனம் இதுதான். வீட்டுக்கு மோஷன் சென்சார் வாங்கும்போது என்.சி. வெளியீடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் இருக்கும்.

என்.சி. மட்டும் போதுமா என்றால், போதாது. அறுப்பதைக் கண்டுபிடிக்கும் இந்தச் சுற்று, ஒட்டவைப்பதைக் கண்டுபிடிக்காது. பகலில் அலாரம் ஆஃப் ஆகியிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் வேலைக்கு வந்தவர் கேபிளின் தோலைச் சீவி இரண்டு வயரையும் முறுக்கிவிட்டால், அதன் பிறகு சென்சார் எவ்வளவு துடித்தாலும் பேனலுக்கு 'மூடியிருக்கிறது' என்றுதான் தெரியும். ஆணி அடிக்கும்போது கேபிள் நசுங்கி இரண்டு வயர் தொட்டுக்கொண்டாலும் இதே கதைதான். இதற்குத்தான் இ.ஓ.எல். எனப்படும் கடைக்கோடி ரெசிஸ்டர். பேனல் இப்போது 'மூடியா, திறந்தா' என்று பார்க்காமல் ஓம் கணக்கை, அதாவது சுற்றில் எவ்வளவு தடை என்பதைப் பார்க்கிறது. எதிர்பார்த்த ஓம் இருந்தால் அமைதி. பூஜ்யமாகிவிட்டால் யாரோ ஷார்ட் செய்திருக்கிறார்கள். எல்லையில்லாமல் போய்விட்டால் சுற்று திறந்திருக்கிறது.

பேருக்கு ஏற்றபடி அந்த ரெசிஸ்டர் கடைக்கோடியில், அதாவது சென்சாருக்குள் இருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பேனல் பெட்டிக்குள்ளேயே அதை மாட்டிவிட்டுப் போகும் ஆட்கள் நிறைய. அப்படி மாட்டினாலும் கீபேடில் எல்லாம் சரியாகத்தான் காட்டும், சோதனையிலும் தேறும். ஆனால் பேனலிலிருந்து சென்சார்வரை போகும் கேபிளில் எங்கே ஷார்ட் செய்தாலும் பேனலுக்குத் தெரியாது. ஏற்கெனவே அலாரம் போட்டிருக்கும் வீடு என்றால், இன்றைக்கே ஒரு சென்சாரைத் திறந்து உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

பேனலும் கீபேடும் ஹூட்டரும் (அலறும் சைரன்) ஏற்கெனவே சுவரில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். சென்சார் வகையில், அறைக்குள் மாட்டும் 12 வோல்ட் பி.ஐ.ஆர். போதும். 12 மீட்டர் தூரம், 90 டிகிரி அகலம் என்று பெட்டியில் போட்டிருப்பவை சாதாரண ஹாலுக்குத் தாராளம். கேபிள், 22 கேஜ் நான்கு கோர். மூடியைத் திறந்தால் காட்டிக்கொடுக்கும் டேம்பர் சுவிட்சைத் தனியாகக் கொண்டுவர விரும்பினால் ஆறு கோர். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

ரெசிஸ்டர் பேனலுக்குப் பேனல் மாறும். டி.எஸ்.சி. பவர் சீரிஸ் பேனல்களுக்கு 5.6 கிலோ ஓம். அதன் மேல் உள்ள நிறப் பட்டைகள் பச்சை, நீலம், சிவப்பு. ஹனிவெல் விஸ்டா வகைக்கு 2 கிலோ ஓம்; சிவப்பு, கறுப்பு, சிவப்பு. பாரடாக்ஸ் பேனல்களுக்கு 1 கிலோ ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு. பேனல் பெட்டிக்குள் ஒரு சின்னப் பையில் இவற்றைப் போட்டே தருவார்கள். தொலைந்துபோயிருந்தால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கால் வாட் ரெசிஸ்டர் கேளுங்கள், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எந்த மதிப்பு என்பதற்குக் கையேடுதான் சாட்சி. 'ஏறக்குறைய' என்பது இதில் கிடையாது.

எங்கே மாட்டுவது

வயரிங்கை விட இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தப்பான இடத்தில் மாட்டிய சென்சாரை எந்த வயரிங்காலும் காப்பாற்ற முடியாது.

அந்த உலோக உருளைக்குள் வெப்பக் கதிரை உணரும் இரண்டு துண்டுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கின்றன. அறை முழுவதும் ஒரே சீராகச் சூடேறினால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். சென்சார் சும்மா இருக்கும். லென்ஸ் அறையை விசிறி மாதிரி பல பட்டைகளாகப் பிரிக்கிறது. சூடான உடம்பு ஒரு பட்டையிலிருந்து அடுத்ததுக்குத் தாண்டும்போது முதலில் ஒரு துண்டு, பிறகு மற்றொன்று என்று மாறி மாறி உணரும். அப்போதுதான் அலாரம். ஆகவே சென்சாருக்குக் குறுக்கே நடப்பவர் உடனே மாட்டுவார். சென்சாரை நோக்கி நேராக நடந்து வருபவர் தாமதமாகத்தான் மாட்டுவார்.

இதை வைத்து உங்கள் வீட்டைப் பாருங்கள். உள்ளே வருபவர் எந்தப் பக்கமாக வருவார், எங்கே போவார்? பெரும்பாலும் சமையலறைப் பின்கதவு, மொட்டை மாடிப் படிக்கட்டுக் கதவு, முன்கதவு, இந்த மூன்றில் ஒன்று. போகுமிடம் பீரோ இருக்கும் அறை. இந்தப் பாதைகள் எல்லாம் சேரும் இடம் ஹாலோ நடைபாதையோ ஏதோ ஒன்று இருக்கும். அந்தப் பாதை சென்சாருக்குக் குறுக்கே போகிற மாதிரி ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு சென்சார்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்த இடத்துக்குத்தான். இரண்டாவது வாங்கினால் படிக்கட்டின் தலைப்பில். முன்வாசலுக்கு மோஷன் சென்சாரை விடக் கதவில் ஒட்டும் காந்த சுவிட்ச் நல்லது.

உயரம் தரையிலிருந்து ஏழு முதல் எட்டு அடி, அதாவது 2.1 முதல் 2.4 மீட்டர். எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு நல்லது என்று சீலிங்கை ஒட்டி மாட்டினால் சென்சாருக்கு நேர் கீழே உள்ள இடம் விட்டுப்போகும். ஜன்னலைப் பார்த்து மாட்ட வேண்டாம்; ஃப்ரிட்ஜ், ஏ.சி. காற்று வரும் வாய், பூஜை அலமாரியில் எரியும் விளக்கு இவற்றைப் பார்த்தும் வேண்டாம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆளை பி.ஐ.ஆர். பார்க்காது. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி விடாது. அதனால் பால்கனியைக் காக்க ஹாலில் சென்சார் மாட்டிப் பயனில்லை.

கேபிள் இழுப்பது

எல்லாச் சென்சாருக்கும் பேனலிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போனால் கேபிள் மிச்சமாகும். ஆனால் பழுது தேடும் நாளில் அந்த மிச்சம் எல்லாம் போய்விடும்.

230 வோல்ட் வயர் போகும் பைப்புக்குள் இந்தக் கேபிளை விடவே கூடாது. பைப் காலியாக இருக்கிறதே, சுவரை உடைக்க வேண்டாமே என்று தோன்றும். ஆனால் உள்ளே ஒரு மெயின் வயரின் தோல் உரிந்தால் கீபேடைத் தொடும் விரல்வரை 230 வோல்ட் வந்து சேரலாம். அருகருகே ஓடும் இடத்தில் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே தாண்ட வேண்டுமென்றால் செங்குத்தாகத் தாண்டுங்கள். சுவரை உடைக்க மனமில்லாவிட்டால் பி.வி.சி. கேசிங் கேப்பிங் ஒட்டி அதற்குள் விடலாம். பரண் வழியாகப் போகும் பகுதியைத் திறந்து விடாதீர்கள், எலி கடிக்கும். அங்கே மட்டுமாவது பைப் போட்டுவிடுங்கள்.

சென்சார் பக்கம் அரை அடி, பேனல் பக்கம் இரண்டடி மிச்சம் வையுங்கள். நடுவில் ஜாயிண்ட் வேண்டாம். இரண்டு முனையிலும் ஒரே பெயரை எழுதி டேப் ஒட்டுங்கள்: 'ஹால்', 'படிக்கட்டு' என்று. ஐந்து கேபிள் ஒரே நிறத்தில் பெட்டிக்குள் தொங்கும்போது அந்தத் துண்டு டேப்பின் அருமை தெரியும்.

சென்சார் பக்கத்து இணைப்பு

இங்கிருந்து கரண்ட் வேலை. அலாரத்தை முதலில் இன்ஸ்டாலர் நிலைக்கு (வயரிங், புரோகிராம் வேலைக்கான நிலை) கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் பெட்டியைத் திறந்ததும் டேம்பர் ஹூட்டரை அலறவைக்கும். பிறகு பேனலுக்குப் போகும் எம்.சி.பி.யை இறக்குங்கள். பெட்டியைத் திறந்து பேட்டரியின் சிவப்பு வயரைக் கழற்றுங்கள். மெயின் மட்டும் இறக்கினால் பேட்டரியில் பேனல் ஓடிக்கொண்டே இருக்கும்.

சென்சாரின் பின்பக்கத்தில் கேபிள் நுழைய மெல்லிய இடம் விட்டிருப்பார்கள். அதைக் குத்தித் திறந்து கேபிளை விடுங்கள். நடுவில் இருக்கும் உருளையின் ஜன்னலில் விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்டால் பார்வை மங்கும்.

நான்கு கோர் கேபிளில் வழக்கமாகச் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை இருக்கும். ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோல் உரித்து, இழைகளை முறுக்கிக்கொள்ளுங்கள். சிவப்பு பிளஸ் டெர்மினலுக்கு, கறுப்பு மைனஸுக்கு. இரண்டும் மாறிவிட்டால் சென்சார் எரிந்துபோகலாம். இதை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தரம் பாருங்கள்.

அடுத்து ரிலே முனைகள். என்.சி., சி என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். மஞ்சள் வயர் என்.சி.க்கு. சி ஸ்க்ரூவில் ரெசிஸ்டரின் ஒரு கால். ரெசிஸ்டரின் மறு காலும் பச்சை வயரும் சேர வேண்டும். இதற்கென்றே பல சென்சார்களில் இ.ஓ.எல். என்றோ ஸ்பேர் என்றோ உள்ளே எதனுடனும் சேராத ஒரு வெற்று ஸ்க்ரூ வைத்திருப்பார்கள். இரண்டையும் அதில் இறுக்குங்கள். அந்த ஸ்க்ரூ இல்லையென்றால் ரெசிஸ்டர் காலையும் வயரையும் முறுக்கி, சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போடுங்கள். ரெசிஸ்டரின் வெற்றுக் கால்கள் பக்கத்து ஸ்க்ரூவையோ போர்டையோ தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டருக்கும் இந்த மஞ்சள், பச்சை ஜோடிக்கும் பிளஸ் மைனஸ் கிடையாது. எப்படிப் போட்டாலும் ஒன்றுதான்.

டேம்பர் என்று இன்னும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். மூடி இருக்கும்வரை ஒட்டியிருந்து, திறந்தால் விலகும் சுவிட்ச் அது. அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஆறு கோர் கேபிள் என்றால் மிச்சமுள்ள இரண்டு வயரை அதற்குக் கொடுத்து, பேனலில் 24 மணி நேர ஜோனாக வைக்கலாம் (ஜோன் என்பது பேனல் தனியாகக் கவனிக்கும் ஒரு சுற்று). நான்கு கோர் என்றால் இரட்டை ரெசிஸ்டர் முறை இருக்கிறது. எனக்குப் பிடித்த முறை அதுதான்.

அதில் மஞ்சள் வயர் டேம்பரின் ஒரு முனைக்குப் போகும். டேம்பரின் மறு முனையிலிருந்து ஒரு துண்டு வயர் என்.சி.க்கு. என்.சி.க்கும் சி-க்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர். சி-யிலிருந்து முன்பு போலவே இன்னொரு ரெசிஸ்டர் வழியாகப் பச்சை வயர். டி.எஸ்.சி. பேனல் என்றால் இரண்டும் 5.6 கிலோ ஓம். அசைவில்லாதபோது ரிலே ஒட்டியிருப்பதால் குறுக்கு ரெசிஸ்டர் கணக்கில் வராது, சுற்றில் 5.6 கிலோ ஓம். அசைந்தால் ரிலே விலகி இரண்டும் சேர்ந்து 11.2 கிலோ ஓம். மூடியைத் திறந்தாலோ கேபிளை அறுத்தாலோ சுற்று முழுதாகத் திறக்கும். ஷார்ட் செய்தால் பூஜ்யம். இரண்டே வயரில் நான்கு விதமான செய்தி பேனலுக்குப் போகிறது. உங்கள் பேனல் இதற்கு இடம் கொடுத்தால் ஒற்றை ரெசிஸ்டரோடு நிறுத்தாதீர்கள்.

பேனலில் மாட்டும் முன் மீட்டர்

பேனல் பக்கம் வந்து, சிவப்பைச் சென்சார்களுக்கு 12 வோல்ட் தரும் ஆக்ஸ் பிளஸிலும் கறுப்பை ஆக்ஸ் மைனஸிலும் இறுக்குங்கள். மஞ்சளும் பச்சையும் இப்போதைக்கு வெளியே, ஒன்றையொன்று தொடாமல் தொங்கட்டும். சென்சாரின் மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள்.

பவர் கொடுப்பதற்கு முன் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஒற்றை ரெசிஸ்டர் முறையில் மீட்டர் 'திறந்திருக்கிறது' என்று காட்டும். பவர் இல்லாத ரிலே விலகித்தான் இருக்கும், அதனால் பயப்பட வேண்டாம். டி.எஸ்.சி.யின் இரட்டை முறையில் 11.2 கிலோ ஓம் காட்டும்.

இப்போது மெயினைப் போடுங்கள், பேட்டரியையும் மாட்டுங்கள். சென்சாரின் எல்.ஈ.டி. கண் சிமிட்டும், ஒரு நிமிடம்போல அது அறையின் வெப்பத்தைப் பழகிக்கொள்ள விடுங்கள். வீட்டில் இருப்பவர்களை வேறு அறைக்குப் போகச் சொல்லிவிட்டு மறுபடி அதே ஜோடியில் ஓம் பாருங்கள். டி.எஸ்.சி. பேனல் என்றால் 5.6 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் நின்றால் சரி. ரெசிஸ்டரின் ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்தால் 5.3 முதல் 5.9 வரை எதுவும் சரிதான். யாரையாவது சென்சார் முன் நடக்கச் சொல்லுங்கள். எண் குதித்து, இரண்டு மூன்று விநாடியில் திரும்பி வர வேண்டும்.

வேலையில் மிக முக்கியமான நிமிடம் இதுதான். பேனலின் புரோகிராம் இன்னும் கலக்கவில்லை. நீங்கள் பார்ப்பது சென்சாரையும் கேபிளையும் ரெசிஸ்டரையும் மட்டும். இங்கே சரியாக வந்துவிட்டால், பின்னால் வரும் எந்தக் குழப்பமும் பேனல் பக்கத்தில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். பவர் வந்த பிறகும் திறந்தே காட்டினால், என்.சி.க்குப் பதில் என்.ஓ.வில் மாட்டியிருக்கிறீர்களா என்றும், சென்சார் பிளஸ் மைனஸில் 12 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் எங்கோ இரண்டு வயர் தொடுகிறது.

பேனலில் மாட்டுவது, புரோகிராம்

மறுபடி மெயினையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மஞ்சளை ஜோன் டெர்மினலுக்கும் பச்சையைப் பக்கத்துக் காம் (பொது) டெர்மினலுக்கும் கொடுங்கள். இரண்டு ஜோனுக்கு நடுவே ஒரே காம் இருக்கும். இரண்டு பச்சை வயர் அதில் சேரும்.

அந்த ஜோனில் ஏற்கெனவே ஒரு ரெசிஸ்டர் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். பயன்படுத்தாத ஜோன்களுக்கு அப்படிப் போட்டு வைப்பது வழக்கம். அதை விட்டுவிட்டு உங்கள் கேபிளையும் மாட்டினால் இரண்டு 5.6 கிலோ ஓமும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து 2.8 ஆகிவிடும், பேனலுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

புரோகிராமில் இரண்டு முடிவுகள். ஒன்று, ரெசிஸ்டர் முறை. டி.எஸ்.சி. பவர் சீரிஸில் பிரிவு 013இன் முதல் இரண்டு ஆப்ஷன்கள் இதற்கு: முதலாவது ஆஃப் என்றால் ரெசிஸ்டர் உண்டு, இரண்டாவது ஆஃப் என்றால் ஒற்றை, ஆன் என்றால் இரட்டை. இது எல்லா ஜோனுக்கும் பொதுவாக மாறும் என்பதால், பழைய ஜோன்களில் ஒற்றை ரெசிஸ்டர் இருக்கும்போது இதை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, ஜோன் வகை. முன்கதவு திறந்து கீபேடுக்கு வரும் வழியில் இருக்கும் மோஷன் சென்சாரை 'உடனே அலறு' வகையில் வைத்தால், சாவி போட்டு வருகிற உங்களையே திருடன் என்று நினைக்கும். அதற்கு உள்புற ஃபாலோயர் வகை வேண்டும்: கதவு முதலில் திறந்திருந்தால் பொறுத்திருக்கும், கதவு திறக்காமல் உள்ளே அசைவு வந்தால் உடனே அலறும். டி.எஸ்.சி.யில் பிரிவு 001இல் 04 அல்லது 05 இதுதான். 05 என்றால் 'ஸ்டே' முறையில், அதாவது வீட்டுக்குள் நீங்கள் தூங்கும்போது, அந்தச் சென்சார் தானாக விலகிக்கொள்ளும். வீட்டுக்கு 05தான் பொருத்தம். விஸ்டா பேனல்களில் இதே வேலையைச் செய்வது வகை 04.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ராத்திரி ஸ்டே முறையில் மோஷன் சென்சார்கள் உங்களைக் காப்பதில்லை. அந்த நேரத்துக் காவல் கதவு, ஜன்னல் காந்த சுவிட்சுகளிடம்தான். மோஷன் சென்சார் மட்டுமே போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

நடந்து பார்ப்பது

பேனலை வாக் டெஸ்ட் நிலையில் வையுங்கள். அறையின் ஒவ்வொரு வாசலிலிருந்தும் சாதாரண நடையில், விநாடிக்கு ஒரு காலடி வீதம் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் எல்.ஈ.டி. எரிகிறது என்று குறித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு அடுத்த பக்கம் போங்கள். சுவரை ஒட்டி நடந்து பாருங்கள், சோபாவுக்குப் பின்னால் குனிந்து போய்ப் பாருங்கள். இரண்டு மூன்று காலடிக்குள் மாட்டவில்லையென்றால் சென்சாரின் கோணத்தைத் திருப்புங்கள்.

ஏப்ரல், மே மத்தியானத்தில் இதை இன்னொரு தரம் செய்ய வேண்டும். நம் தோலின் மேற்பரப்பு 33, 34 டிகிரியில் இருக்கும். மூடிக்கிடக்கும் மாடி வீட்டுச் சுவரும் அதே சூட்டுக்கு வரும்போது ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்து சென்சார் மந்தமாகும். வெப்பநிலை ஈடு செய்யும் வசதி உள்ள சென்சார் வாங்கச் சொல்வது இதனால்தான். ஜனவரியில் தேறிய சென்சார் மே மாதமும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாம் சரியானதும் சென்சாருக்குள் இருக்கும் எல்.ஈ.டி. ஜம்பரை (போர்டில் செருகியிருக்கும் குட்டி இணைப்பு) கழற்றிவிடுங்கள். எரியும் விளக்கு, எந்த மூலை சென்சாருக்குத் தெரியவில்லை என்பதை வீட்டுக்கு வருகிற யாருக்கும் காட்டிக்கொடுக்கும்.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம்

ஒரு பி.ஐ.ஆர். 10 முதல் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். உதாரணத்துக்கு போர்டு 100, கீபேட் 100, நான்கு சென்சார் ஆளுக்கு 15 வீதம் 60. ஆக 260 மில்லி ஆம்பியர். 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் கணக்குப்படி 27 மணி நேரம் வரும். பேட்டரி பழசாகும், வெயிலில் சீக்கிரம் பழசாகும். 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பேனலை அந்த லைனில் கொடுத்துவிடுவது நல்லது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றிவிடுங்கள். ஆக்ஸ் டெர்மினல் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்பதும் கையேட்டில் இருக்கும். சென்சார்களைக் கூட்டிக்கொண்டே போகும்போது அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

கேபிள் நீளத்தைப் பற்றி வீட்டுக்குள் அவ்வளவாகக் கவலை வேண்டாம். 22 கேஜ் வயர் 30 மீட்டர் போய்த் திரும்ப மூன்று ஓம் சொச்சம்தான். 15 மில்லி ஆம்பியருக்கு இழப்பு 0.05 வோல்ட்டைத் தொடாது.

காரணமில்லாமல் அலறினால்

நம் ஊர் வீடுகளில் முதல் சந்தேகம் பல்லியின் மேல்தான். பத்தடி தள்ளிப் போகும் பல்லியைச் சென்சார் கண்டுகொள்ளாது. லென்ஸின் மேலேயே ஏறி நடந்தால் நிலைமை வேறு. அவ்வளவு பக்கத்தில் அதன் உடம்பு பல பட்டைகளை ஒரே நேரத்தில் மறைத்துத் திறக்கும். சென்சாரின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அங்கேயே குடியிருக்கும். அடுத்தது எறும்பு; கேபிள் வரும் ஓட்டை வழியாக உள்ளே போய் போர்டில் கூடு வைக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கேபிள் ஓட்டையையும் சுவரோர இடைவெளியையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள். சிலந்தி வலையை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது லென்ஸை மூடிவையுங்கள்.

காலை ஒரே நேரத்தில் அலறுகிறதென்றால் கிழக்கு ஜன்னல் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஃபேன் ஓடும்போது மட்டும் என்றால் திரைச்சீலை. மழையோடு வந்தால் ஜாயிண்ட்டில் ஈரம். எந்தக் கணக்கும் இல்லாமல் வந்தால் ஸ்க்ரூவில் தளர்ந்த வயர். ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பார்த்தால் மாட்டிவிடும்.

சென்சாருக்குள் பல்ஸ் கவுண்ட் என்று ஒரு ஜம்பர் இருக்கும்; எத்தனை முறை உணர்ந்த பிறகு அலாரம் என்பதை அது முடிவு செய்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் பொய் அலாரம் குறையும் என்பது உண்மைதான். அதே அளவுக்கு உண்மையான ஆளைப் பிடிப்பதும் தாமதமாகும். காரணத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியாக அதில் கை வையுங்கள்.

பெட்டியை மூடும் முன் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்: எந்த ஜோன் எந்த அறை, ஒற்றை ரெசிஸ்டரா இரட்டையா, எத்தனை ஓம், மீட்டரில் நீங்கள் பார்த்த அளவு, பேட்டரி மாற்றிய தேதி. இன்ஸ்டாலர் கோட் எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம்.